மலையேறிய விளக்கு

மலை என்பது தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மட்டுமே என்பது என் கட்சி. விழுப்புரத்தில் வளர்ந்தவனுக்கு வேறு கட்சி இருக்க முடியாது. எங்கள் ஊரில் ஏறுவதற்கு ரயில் நிலையத்துப் படிக்கட்டை விட்டால் வேறு எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட நான், அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், செஞ்சியில் மூன்று மலைகளையும் ஒரே பகலில் ஏறப் புறப்பட்டேன் என்றால் அதற்கு என் நண்பனின் அம்மாதான் காரணம்.

நண்பனுக்குத் திண்டிவனம். தகப்பன் இல்லாத ஒற்றைப் பிள்ளை. அவன் அம்மா, இருந்த கொஞ்ச நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு அவனைப் படிக்கவைத்தவர். காளை மாட்டுக்கும் பயப்படமாட்டார், ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்துக்கும் பயப்படமாட்டார். சொல்லுக்குத்தான் பயப்படுவார். வீட்டுக்குள் கெட்ட சொல் விழக் கூடாது. அரிசி தீர்ந்துவிட்டால் இல்லை என்று சொல்லாமல், 'அரிசி நெறஞ்சி இருக்குது' என்பார். அவன் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவான். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் மகிழ்ந்துபோய் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிவிட்டேன். அதேபோல் விளக்கு அணைந்தது என்று சொல்லக் கூடாது, மலையேறியது என்றுதான் சொல்ல வேண்டும். 'போறேன்' என்று எழுந்தவனைத் திரும்ப உட்காரவைத்து, 'வர்றேன்' என்று சொன்ன பிறகே அனுப்புவார்.

ஒரு வருஷம் திருவண்ணாமலை தீபத்துக்குப் போன பஸ் செஞ்சியைத் தாண்டும்போது, ஜன்னல் வழியாகக் கோட்டை மலைகள் மூன்றையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் ஒரே நாளில் மூன்று உச்சியிலும் ஏறி விளக்கு வைப்பான் என்று வேண்டுதல். வேண்டிக்கொள்வது ஒருவர், ஏறுவது இன்னொருவர். தாய்மார்களின் பக்தி எப்போதும் இந்த லட்சணம்தான்.

உத்தியோகம் கிடைத்தது. ஆனால் நாக்பூரில். உத்தரவு வந்த அன்றே வேண்டுதலை முடித்துவிடலாம் என்றான் நண்பன். அன்று அஷ்டமி என்றார் அம்மா. அப்புறம் கரிநாள் வந்தது. அப்புறம் காற்று பலமாக இருந்தது. அவனை வழியனுப்ப நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி கட்டியாகிவிட்டது, வேண்டுதல் மட்டும் அப்படியே கிடந்தது. மறுநாள் சாயங்கால ரயிலை விட்டால் குறித்த நாளில் போய்ச் சேர முடியாது, வேலை வேறொருவனுக்குப் போய்விடும். அம்மாவோ, விளக்கு வைக்காமல் வாசப்படி தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேலை வேண்டும் என்று கும்பிட்டவரும் அவர்தான், நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டவரும் அவர்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் கேப்பை அடையைச் சாப்பிட்டேன்.

விடிந்ததும் முதல் பஸ். பையில் மூன்று அகல், ஒரு சீசா எண்ணெய், திரி, தீப்பெட்டி, வாழையிலையில் சுற்றிய அடை. அடியில் அவன் ஒளித்துவைத்திருந்த புது பூட்ஸ். வேண்டுதலுக்கு வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். அம்மாவின் கண்ணுக்கு மறைந்ததும் அதை மாட்டிக்கொண்டான். ஏனென்று கேட்டால், ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போவதற்குள் பழக்கிவிடுகிறானாம். புதுச் செருப்பு கடிக்கும் என்பார்கள். இது பூட்ஸ், விழுங்கியது.

முதல் மலையான ராஜகிரியில் ஏறும்போது இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை. பாதிப் படியில் ஒரு குரங்கு அடைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து, எங்களைப் பார்த்தபடியே தின்றது. எனக்குத் தெரிந்து அன்றைக்கு வயிறு நிறைந்த ஒரே ஜீவன் அதுதான். உச்சியில், இடிந்த சுவரின் மறைவில் முதல் விளக்கை ஏற்றினோம். அடுத்த மலையான கிருஷ்ணகிரியில் ஏறும்போது பேச்சு குறைந்தது. இறங்கும்போது அவன் நொண்டினான். பூட்ஸைக் கழற்றினால் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், அவனும் சிரித்தான். மூன்றாவதான சந்திரகிரியின் அடிவாரத்துக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த மலையில் ஒழுங்கான வழியே கிடையாது. முள்ளும் பாறையும்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் அடுத்த பஸ்ஸில் ஏறியாக வேண்டும். நான் மட்டும் ஏறி வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். என்னைப் போன்றவன் அப்படிக் கேட்டதே பெரிய விஷயம். வேண்டுதல் தன் பேரில் இருக்கிறது, பதிலுக்கு ஆள் அனுப்ப இது என்ன கோர்ட்டு வாய்தாவா என்றான். நாலு அடி வைத்துப் பார்த்தான், பாறையில் உட்கார்ந்துவிட்டான். கடைசியில் அந்தப் பாறைமேலேயே உச்சியைப் பார்த்தபடி அகலை வைத்து ஏற்றினான். ஒரு காற்று வந்தது. சுடர் போய்விட்டது.

அவன் அம்மா வளர்த்த பிள்ளை. தன்னையறியாமல் சொன்னான்:

"மலையேறிடுச்சி."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மலையை அண்ணாந்து பார்த்தோம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம், அதாவது நான் ஓடினேன், அவன் தத்தினான்.

வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார் அம்மா. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மூணு மலையிலும் வெளக்கு வெச்சிட்டியாடா?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். இந்த அம்மா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் போகமாட்டான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"ரெண்டுல வெச்சிட்டேம்மா. மூணாவது வெளக்கு மலையேறிடுச்சி."

அவர் அவனுடைய குதிகாலைப் பார்த்தார். பையிலிருந்து எட்டிப்பார்த்த பூட்ஸைப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே உண்மையை ஒப்பித்திருப்பேன். ஆனால் அவர் கேட்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த சொல், அதை அவரே எப்படிப் பொய் என்பார்?

"வெளக்கே ஏறிடுச்சின்னா அப்புறம் இன்னாடா? ஜல்தியா மூஞ்சி கழுவிக்கினு கெளம்பு."

உள்ளே போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து அவன் குதிகாலில் பூசினார். மெதுவாகத்தான் பூசினார். ரயில் நேரம் ஆகிறது என்று நான் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன்.

ஸ்டேஷனில் அவன் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ரயில் ஏறினான். 'வர்றேம்மா' என்றான். அவர் தலையை ஆட்டினார். வண்டி கண்ணுக்கு மறைகிறவரை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார். பிளாட்பாரத்தில் கெட்ட சொல் எதுவும் விழவில்லை.

நான் அவரைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். கதவைத் திறந்ததும், காலையில் அவன் கழற்றிப் போட்ட சட்டை கொடியில் தொங்கியது கண்ணில் பட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் புத்தி போகும்.

"அவன் இல்லாம வீடே வெறிச்..."

"உஸ்," என்று என்னைத் தடுத்தார். சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதப்பா. வீடு நெறஞ்சி இருக்குது."