கீழே எந்த மாதம்? தங்கவயலுக்கு உளுந்து மாவோடு ஒரு பயணம்

போன மாசி மாதம் கோலார் தங்கவயலுக்குப் போய்வந்தேன். குடியாத்தத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவனுக்குத் தங்கச் சுரங்கத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தங்கத்துக்காகப் போகவில்லை. என் தம்பி சின்னசாமியைக் கையோடு கூட்டிவரப் போனேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே போயிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் என் கடைக்கு வந்துதான் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவிட்டால் தீர்ந்தது என்று உட்கார்ந்தேன். நான் படித்தது டப்பாவின் மேல் சுக்கு, மிளகு என்று எழுதுகிற அளவுக்குத்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள், என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

என் மனைவி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காலமானாள். பிள்ளை இல்லை. வீட்டில் நானும் ஒரு ஆட்டுக்கல்லும் மிச்சம். நாள் முழுக்க ஊரைக் கேலி செய்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே கேலி செய்ய ஆள் கிடையாது. ஆட்டுக்கல்லை எவ்வளவு சீண்டினாலும் அது பதில் பேசாது. அதனால் தங்கவயலிலிருந்து ஐப்பசியில் ஊருக்கு வந்த ஒருவர், "தைக்கு வந்துட்டேன்னா ஊருக்கு வந்துடுவேன்னு உங்க தம்பி சொல்லச் சொன்னான்" என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அறையிலிருந்த மருந்து மூட்டைகளை ஒதுக்கினேன். வெள்ளையடித்தேன். பொங்கலுக்கு இரண்டு பேருக்கு உலை வைத்தேன். தை வந்தது. தையும் போனது. தம்பி வரவில்லை. சரி, நாமே போவோம் என்று மாசி பிறந்ததும் கடையைப் பூட்டினேன்.

போவதற்கு முன் கூடை கட்டினேன். எங்கள் ஊர் ஆயுர்வேத வைத்தியர் கடையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி வைத்தியம் வரும். மீதிப் பாதி வராததால் யாரும் சாகவில்லை. அவர் சொல்வது இது: பனிக்காலத்தில் வெளியே குளிரக் குளிர வயிற்றுக்குள் நெருப்பு பெரிதாகும். அதற்குக் கனமாக, எண்ணெய்ப் பசையாக, இனிப்பாகப் போட வேண்டும். போடாவிட்டால் அது ஆளையே தின்னும். வேனிலில் நெருப்பு சிறுத்துப்போகும், அப்போது லேசாகவும் நீராகவும் குளிர்ச்சியாகவும் சாப்பிட வேண்டும். மழையில் பழைய அரிசி, காய்ச்சின தண்ணீர், சுக்கு. ஒரு பருவம் போய் இன்னொன்று வருகிற இடைநாட்களுக்கு ருதுசந்தி என்று பெயர். அந்த நாட்களில் பழைய பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். சட்டென்று தாவினால் நோய்.

மாசி பின்பனிக்காலம் இல்லையா? ஆகவே உளுந்து மாவு, கருப்பட்டி, எள்ளுருண்டை, ஒரு குடுவை நல்லெண்ணெய், போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. ரயிலில் பக்கத்திலிருந்தவர் கூடையை மோந்து பார்த்துவிட்டு, "யாருக்குச் சீமந்தம்?" என்று கேட்டார். "என் தம்பிக்கு" என்றேன். ஜோலார்பேட்டை வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வழி சொல்கிறேன். குடியாத்தம் ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு வண்டியில் மூன்று மைல். விடியலுக்கு முன்பே கிளம்புங்கள். ஜோலார்பேட்டையில் வண்டி மாற வேண்டும், அங்கே தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். குப்பம் தாண்டினால் காற்றின் குணமே மாறும், காதை மூடிக்கொள்ளுங்கள். பௌரிங்பேட்டையில் மறுபடி இறங்கி, தங்கவயலுக்குப் போகிற சின்ன ரயிலில் ஏற வேண்டும். அது பத்து மைல். மூன்றாம் வகுப்பில் எல்லாம் சேர்த்து ஒரு ரூபாய்க்குள் அடங்கும், சில்லறையாகக் கொண்டுபோங்கள். என் தம்பி இருக்கிற சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குத் தனி ஸ்டேஷன் உண்டு. பெயர் வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம், எல்லோரும் இறங்குகிற இடத்தில் இறங்குங்கள்.

இறங்கியதும் முதலில் சத்தம்தான். கல்லை இடிக்கிற மில் இரவும் பகலும் ஓயாது. ஊர் முழுக்கப் பெண்கள் சேர்ந்து மாவு இடிப்பது போல இருக்கும், ஆனால் பலகாரம் மட்டும் வராது. சாம்பல் நிறத்தில் மணல் மேடுகள். காற்றடித்தால் அந்தப் பொடி பல்லில் நறநறக்கும். கூலிக்காரர்கள் இருக்கிற வரிசை வீடுகளுக்கு லைன் என்று பெயர். மூங்கில் தட்டிச் சுவர், குனிந்து போகிற வாசல். அவ்வளவு ஜனத்துக்கு நடுவே, நம் ஊர்ப் பேச்சே காதில் விழ, என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சந்தையில் தொலைந்த பிள்ளை மாதிரி கூடையோடு நின்றேன்.

தம்பியே என்னைக் கண்டுபிடித்தான். ஆள் பாதியாகியிருந்தான். வெயில் படாத முகம், வெளுத்த உதடு.

"இன்னா அண்ணே, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே?"

"சொல்லிட்டு வந்தா நீ ஓடிப்போயிருப்பே. இன்னாடா இது, முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டின மாதிரி கீறே?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் மெலியவில்லை.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் அவன் செய்த காரியத்தைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்தது. வெளியே பனிக்காற்று தட்டியைப் பிய்க்கிறது. இவன் ஒரு சட்டிப் பழைய சோற்றில் மோரை ஊற்றி, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கிறான். மாசியில் மோர்! எங்கள் வைத்தியர் பார்த்திருந்தால் அங்கேயே படுத்திருப்பார். "இதாண்டா உன்னைத் தின்னுது" என்று சட்டியைப் பிடுங்கி வைத்தேன். மறுநாள் காலை அவன் வேலைக்கு இறங்குவதற்கு முன், கருப்பட்டி போட்டு, எண்ணெய் மிதக்க உளுந்தங்களி கிளறினேன். உளுந்தங்களியை ஒருத்தனுக்கு என்று கிளற வராது. இரண்டு வருஷமாக நான் அதைச் செய்யவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்காகக் கடைசி உருண்டை வரைக்கும் தின்றான்.

அவன் போன பிறகு மோர்க்காரம்மா வந்தாள். பூதிகோட்டையிலிருந்து பானை சுமந்து வருகிறவள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாயில் கடைவாள்.

"சின்னசாமிக்கு அண்ணய்யாவா நீங்க? ரெண்டு படி ஊத்தவா?"

"மோர் வேணாம்மா. மாசி மாசத்துல மோர் வித்தா பாவம் சுத்திக்கும்."

"மாசியா? யாரு மாசி?" என்று பானையை இறக்கினாள். "உங்க தம்பி எந்த மாசம்?"

"ஆவணியில பொறந்தான். ஜாதகம் பாக்கப் போறியா?"

"அய்யோ, பொறந்த மாசம் யாரு கேட்டா! கீழ எந்த மாசம்? மாசிக்காரங்க கேட்டா நான் அரைப்படிதான் தருவேன். பங்குனிக்கு ஒரு படி. உங்க தம்பி சித்திரை. சித்திரைக்கு ரெண்டு படி, உப்பும் கூட."

"சித்திரையா? இன்னாம்மா சொல்றே?" என்றேன். அப்புறம் அவள் விளக்கினாள். சுரங்கத்துக்குள் ஆழத்துக்கு ஆழம் ஒரு தளம், அதற்கு லெவல் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கீழே போகப் போகச் சூடு. நம் ஆட்கள் அந்த நம்பரையெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. மேலே ஈரமாய்க் குளிர்கிற லெவலுக்குத் தை. அதற்குக் கீழே மாசி, பங்குனி. வேர்வை நிற்காமல் கொட்டுகிற அடி லெவலுக்குச் சித்திரை. மேலே மழை பெய்யட்டும், பனி கொட்டட்டும், அங்கே வருஷம் முழுக்க அதே மாதம்.

"அப்போ தைக்கு வர்றதுன்னா?"

"அடியிலேருந்து மேல் லெவலுக்கு மாத்துறது. பம்பு பாத்துக்கிற வேலை. சுலபம், கூலிதான் கொறவு. ஊருக்குத் திரும்புறவங்க மொதல்ல அங்கதான் ஒடம்பைக் குளிருக்குப் பழக்குவாங்க."

நான் வெள்ளையடித்த அறை நினைவுக்கு வந்தது. எந்தத் தைக்காக எந்தத் தையில் காத்திருந்தேன்! சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

ஷிப்டு முடிகிற நேரத்துக்குக் கம்பளியை எடுத்துக்கொண்டு ஷாப்டு என்கிற சுரங்கக் கிணற்றின் வாசலுக்குப் போனேன். வெளியாட்களை வேலிக்கு அப்பால் நிறுத்துவார்கள், காவல்காரரிடம் தகராறு வேண்டாம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டு மேலே வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் குளத்தில் முழுகி எழுந்தவர்கள் போல நனைந்திருந்தார்கள். உடம்பிலிருந்து ஆவி பறந்தது. அப்படியே மாசிக் காற்றுக்குள் நடந்தார்கள். நாம் நாள் கணக்கில் பக்குவமாய்க் கடக்க வேண்டிய ருதுசந்தியை இவர்கள் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் கடக்கிறார்கள், அதுவும் தினமும். சிலர் கோணிப்பையைப் போர்த்தியிருந்தார்கள். என் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, களியா அது? வயித்துல கல்லைக் கட்டி எறக்கிட்டே. நாள் பூரா உன் பேரைச் சொல்லிகினே வாந்தி எடுத்தேன்."

"நல்லதுதான். இல்லாட்டி என் பேரை எப்போ சொல்லப் போறே?"

கம்பளியைப் போர்த்தினேன். காற்றுப் படாத ஒரு சுவரோரமாக உட்காரவைத்து, வேர்வை ஆறின பிறகு வெதுவெதுப்பாகக் கஞ்சி கொடுத்தேன்.  பிறகு கேட்டுவிட்டேன்.

"எப்போடா தைக்கு மாத்துவாங்க?"

அவன் கஞ்சியைப் பார்த்தபடி சொன்னான். "கார்த்திகையிலயே மேஸ்திரி கூப்ட்டாரு. நான்தான் போவல."

"ஏன்?"

"மேல வந்தா ஒதறுது அண்ணே. ஒடம்பு சித்திரைக்குப் பழகிடுச்சு. ஊருக்கு வந்தேன்னா பன்னெண்டு மாசமும் பழகணும். மழை, பனி, அது இதுன்னு. இங்க ஒரே மாசம். அதே ஆறு பேரு, ஒரே சட்டி மோரு. அவனுங்கள வுட்டுட்டு எங்க வர்றது?"

அந்த ஆறு பேரும் கொஞ்சம் தள்ளி நின்று இவனுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு ஊரில் அப்படி ஒருவர்கூட இல்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.  எள்ளுருண்டையை அவர்களுக்கும் கொடுத்தேன். ஒருவன், "அண்ணே, இது சித்திரைக்கு ஆவாதே" என்றான். "தின்னுடா, மேலதானே கீறே" என்றேன்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை, இறங்குவதற்கு முன் அவனுக்கு மோர்ச்சோறு, ஏறி ஆறின பிறகு சூடாகக் கஞ்சியோடு ஒரு எள்ளுருண்டை. கீழே இருக்கும்போது வேனில், மேலே வந்தால் பனி. வைத்தியர் சொன்ன சட்டத்தைத்தான் வைத்துக்கொண்டேன், காலண்டரை மட்டும் மாற்றினேன். அவன் முகத்தில் கொஞ்சம் எண்ணெய் தெரிந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

கிளம்பும் நாள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தான். வண்டி நகரும்போது கூடவே நடந்து, "தையில வர்றேன் அண்ணே" என்றான்.

"மேலத் தையா, கீழத் தையா?"

"எது மொதல்ல வருதோ அது!"

பௌரிங்பேட்டை வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை.

போகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. எந்தப் பருவத்தில் போனாலும் போர்வை கொண்டுபோங்கள். கனமான பலகாரத்தை வேலைக்கு இறங்குகிறவனுக்குக் கொடுக்காதீர்கள், ஏறி வந்து வேர்வை ஆறினவனுக்குக் கொடுங்கள். உப்பு போட்ட மோரைப் பார்த்து என்னைப் போலச் சட்டியைப் பிடுங்காதீர்கள். உங்கள் ஆள் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லி வருகிறேன் என்றால், அது மேலே உள்ளதா கீழே உள்ளதா என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழி கேட்க எந்த மாதம் வேண்டுமானாலும் கடைக்கு வாருங்கள். தையில் வந்தால் மட்டும் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களிடம் பேசிக்கொண்டே ஸ்டேஷன் வண்டி வருகிற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மாதம் முழுக்க வீட்டில் இரண்டு பேருக்குச் சமையல் இருக்கும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.