பூசக் கூட்டத்தில் துரத்தி வந்தவர்

பன்றிக் காய்ச்சல் பரவிய அந்தத் தை மாதத்தில், நெய்வேலி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூடாரம் போட்டிருந்த நரிக்குறவர்களான எங்களைக் கண்டாலே குவார்ட்டர்ஸ்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கூடாரத்துக்குள் குனிந்து வந்தவர், காய்ச்சல் பார்க்க வந்த அரசு ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர்தான். ஒல்லியாக, உயரமாக இருப்பார். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் நூல் சுற்றியிருக்கும். வந்ததும் எதுவும் கேட்கமாட்டார். பாயில் உட்கார்ந்து, நான் கோத்துக்கொண்டிருக்கும் பாசிமாலையின் மறுமுனையை எடுத்துத் தானும் கோப்பார். அப்புறம்தான், "ராத்திரி யாருக்கு இருமல்?" என்பார்.

என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. தினமும் வந்து, தன் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைத்தார். சூடு இறங்கியது. தைப்பூசத்துக்கு வடலூரில் கடை விரிக்காவிட்டால் எங்களுக்கு அந்த வருஷப் பிழைப்பே இல்லை. கிளம்பிவிட்டோம்.

அங்கே கூட்டத்தில் யாரோ எங்களை விசாரித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். தேடி ஆள் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் மூட்டையைத் தூக்கினார், நான் மகளைத் தூக்கினேன். ஓடினோம்.

மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்தார் நர்சம்மா.

"ஏம்மா ஓடுற? புள்ளைக்கு இன்னும் மாத்திரை இருக்குல்ல? பாதியில வுட்டா எப்படி?"

"எங்களத் தேடிக்கினு வர்றவங்க வெரட்டத்தான் வருவாங்கம்மா."

மகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து, நாங்கள் சிதறவிட்ட மணிகளைப் பொறுக்கிக் கோக்க ஆரம்பித்தார்.

இன்றும் யாராவது தேடி வந்தால் என் கால் ஓடத்தான் பார்க்கிறது. ஆனால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறேன், அவராக இருந்துவிட்டால்?