கவுளி யாருக்குக் கேட்டது

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் குழப்பம்தான். ஞாபகமும் முன்போல இல்லை. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் எழுந்து பேசுவதற்கும் கூச்சம். அதனால்தான் மண்டபத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்து, இப்போது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மனதைப் பற்றிக் கூட்டம் நடந்தது. மகள் கூட்டிப் போனாள். காதில் மிஷினை மாட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். பேசியவருக்கு நாற்பது வயதிருக்கும். திரையில் மூளையின் படத்தைக் காட்டினார். அப்புறம் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். "வெளிச்சத்தம் அடங்கினால் உள்ளே ஒரு நாதம் கேட்கும். அது கேட்பவர்கள் பாக்கியவான்கள். அவர்கள் மனம் பக்குவப்பட்ட மனம்" என்றார். சுற்றிலும் பட்டுப்புடவையும் வெள்ளைச் சட்டையுமாக அத்தனை பேரும் அந்த நாதத்துக்காக முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நாதம் எனக்கு அறுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்கிறது. அதற்காக என்னை யாரும் பாக்கியவதி என்று சொல்லவில்லை. புத்தி பிசகியவள் என்றார்கள். எட்டு மாதக் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

பதினாலு வயதில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வைண்டிங்கில் சேர்ந்தேன். பாபினில் இருக்கும் நூலைக் கோனில் சுற்றும் மிஷின்கள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட வேண்டும், அதுதான் வேலை. எங்களுக்கும் நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின்களுக்கும் நடுவே சுவர் கிடையாது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் கத்தினாலும் ஏறாது. அதனால் நாங்கள் கத்துவதே இல்லை. குரலே எடுக்காமல் வாயை மட்டும் அசைப்போம். ஆறு மாதத்தில் பழகிவிடும். கோடி மிஷினில் நிற்பவள் வீட்டில் நேற்று என்ன குழம்பு, மேஸ்திரி யாரைப் பார்த்து இளித்தார், எல்லாம் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். சிரிப்பதும் சத்தமில்லாமல்தான்.

சங்கு ஊதி வெளியே வந்த பிறகும் காதுக்குள் குய்யென்று ஒரு சத்தம் கூடவே வீடு வரைக்கும் வரும். எங்கள் ஷிப்டில் எல்லோருக்கும் வரும். தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வருவது மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டோம். பஞ்சை எடை போட்டார்கள். நூலின் பலத்தை இழுத்துப் பார்த்தார்கள். எங்கள் காதை ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பத்தொன்பது வயதில் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். தென்னையும் கடலைக்காயும் போட்டிருந்த தோட்டம். மில் வேலையை விட்டுவிட்டேன். அந்தத் தோட்டத்து அமைதியில்தான் காதுக்குள் இருந்த சத்தம் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, காதுக்குள்ள எந்நேரமும் குய்யுன்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தார். "எனக்கொண்ணும் கேக்குலியே அம்மணி?"

"என்ற காதுக்குள்ளங்க!"

அவர் நல்லவர். ஆனால் எந்தச் சங்கதியானாலும் கொண்டுபோய் அவர் அம்மாவின் மடியில் வைத்துவிடுவார். இதையும் வைத்தார்.

எங்கள் பக்கத்துப் பேச்சு மரியாதையான பேச்சு என்று எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கு அந்த மரியாதைதான் வினையாகிப்போனது. மாமியார் ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மணி, தண்ணி சேந்திப் போட்டயா?" என்று மெதுவாகக் கேட்பார். எனக்கு எங்கே கேட்கும்? நான் பேசாமல் அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன். திமிர் என்று நினைத்தார். முன்னால் வந்து பேசினால் நான் அவர் வாயையே பார்ப்பேன். முறைக்கிறாள் என்று நினைத்தார். மில் பழக்கத்தில் நான் பல சமயம் குரல் எடுக்காமலே பதில் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டேன் என்றுதான் எனக்கு நினைப்பு. தனியாக மாட்டுக்குத் தீனி போடும்போது பழைய சிநேகிதியோடு பேசுகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டிருப்பேன். அதைப் பார்த்துவிட்டு, "வாய் அசையுது, சத்தம் வரல. யாரு கூடப் பேசறான்னு தெரியல" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஒரே ஒருத்தராவது என்னைப் பார்த்து வாய் விட்டுக் கத்தியிருந்தால் அன்றைக்கே எல்லாம் விளங்கியிருக்கும். அத்தனை மரியாதையாக என்னைப் பைத்தியமாக்கினார்கள்.

அந்த வீட்டில் கவுளி கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார்கள். கவுளி என்றால் சுவரில் இருக்கும் பல்லி. ஒரு காரியம் தொடங்கும் முன் சாமி படத்துக்கு முன்னால் நின்று மனதில் நினைத்துக்கொள்வார்கள். கவுளி 'இச் இச்' என்று சொன்னால் சம்மதம். ஒரு நாள் பொள்ளாச்சிச் சந்தைக்குக் காளை ஓட்டிப் போக நினைத்து எல்லோரும் அசையாமல் நின்றார்கள். நான் அது தெரியாமல் குண்டாவை உருட்டிக்கொண்டே வந்து, "ஏனுங்க எல்லாரும் நிக்கறீங்க?" என்றேன்.

"கவுளி சொல்லீருச்சு அம்மணி. உனக்குக் கேக்குலியா?" என்றார் மாமனார்.

"இல்லீங்க மாமா."

மாமியார் அவரைப் பார்த்துச் சொன்னதை உதட்டில் பார்த்தேன். "எல்லாருக்கும் கேக்கறது இவளுக்குக் கேக்குல. யாருக்கும் கேக்காதது இவளுக்குக் கேக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?"

அதன்பிறகு மகள் பிறந்தாள். குழந்தை அழுதால் எனக்குக் கேட்கும், அது கனத்த சத்தம். ஆனால் சிணுங்கினால் தெரியாது. அதையும் கணக்கில் சேர்த்தார்கள். அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது, தாராபுரம் பக்கம் அமராவதிக் கரையில் இருக்கிற அவர்கள் குலசாமியான அம்மன் கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். பூசாரி விவரமாகச் சொன்னார். வலது பக்கம் கவுளி சொன்னால் என் புத்தியில் பிசகு இல்லை, வீட்டில் இருக்கலாம். இடது பக்கம் சொன்னால் என்னைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், குழந்தை அவர்களோடு இருக்கும்.

என்னைச் சுற்றிப் பதினைந்து பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் குய் சத்தம்தான் கேட்டது. கேட்காது என்று தெரியுமே, அதனால் மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியாரும் அவர் தங்கையும் எதிர்ப்பக்கம். இரண்டு பேரும் மூச்சுக்காற்றில் பேசினார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. எனக்குத் தெரிந்தது.

"கேட்டுச்சா அக்கா?"

"உனக்கு?"

"எடது பக்கம் கேட்ட மாதர இருந்துச்சு."

"அப்பக் கேட்டிருக்கும்."

உடனே மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்தவர் போட்டுக்கொண்டார். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தராகக் கோயில் முழுக்கக் கை கன்னத்துக்குப் போனது. "எடது பக்கமுங்க" என்றார் மாமனார். "எனக்கும் கேட்டுச்சுங்க" என்றார் பூசாரி.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் பேசிக்கொண்டதைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கூச்சம். அத்தனை ஆண்கள் முன்னால் நாக்கு எழவில்லை. மாமியார் கை நீட்டினார். குழந்தையைக் கொடுத்துவிட்டேன். நானே என் கையால் கொடுத்தேன். மற்றவர்கள் மேல் எத்தனை கோபமோ அத்தனை கோபம் என்மேலும் உண்டு. "போயிட்டு வாங்க அம்மணி, ஒடம்பப் பாத்துக்கங்க" என்று மரியாதையாகப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

போத்தனூரில் அம்மா வீடு. மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அம்மா துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கேள்விப்பட்டு என் வைண்டிங் சிநேகிதி வந்தாள். வாசலில் நின்றபடியே, குரலெடுக்காமல், "என்னடி ஆச்சு?" என்று வாயசைத்தாள். நானும் குரலெடுக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சிநேகிதிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. அம்மாவுக்காகக் குரலெடுத்துச் சொன்னாள். "இவ பைத்தியம்னா எங்க ஷிப்டே பைத்தியமுங்க. எனக்கும்தான் குய்யுங்குது. என்னைய எந்தக் கோயிலுக்குக் கொண்டு போறீங்க?"

அவள்தான் மில் ஆட்கள் போகிற ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனாள். டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டி என் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், அப்புறம் காதுக்கு முன்னால் பிடித்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் ஒட்டி வைத்தார்.

"கேக்குதாம்மா?"

"ஓடுதுங்களா அது?" என்றேன்.

அவர் சிநேகிதியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "காது வெறும் வாசல்தான்மா. கேக்கறது மூளை. மில் சத்தத்துல வாசல்ல கொஞ்சம் செத்துப்போச்சு. மெலிசான சத்தம்தான் மொதல்ல போகும். அங்கேயிருந்து வர வேண்டிய சேதி வராதப்போ, மூளை தானா ஒரு சத்தத்தைப் போட்டு நிரப்பிக்குது. உன் புத்தியில ஒரு கோளாறும் இல்லை."

அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில் வாய் திறக்காதவள் ஒன்று கேட்டேன். "கோயில்ல பதினஞ்சு பேருக்குக் கவுளி கேட்டுச்சுங்களே?"

அவர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டே சொன்னார். "நான் அங்கே இல்லையேம்மா. ஆனா கேக்கணும்னு காத்து நிக்கிற மூளைக்கு, இல்லாததும் கேக்கும்."

எனக்கு அங்கேயே ஆத்திரம் பொங்கியது. என் மூளை, இல்லாத சத்தத்தைப் போட்டால் அது பைத்தியம். பதினைந்து பேர் மூளை, இல்லாத கவுளிச் சத்தத்தைப் போட்டால் அது சாமி வாக்கா? சாமிமேல் எனக்கு வருத்தமில்லை. அவள் பாவம், அன்றைக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னவர்கள் எல்லாம் கீழே நின்றவர்கள்.

மில் லீவு நாளில் சிநேகிதி தன் வீட்டுக்காரரின் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனோம். குழந்தையைப் பிரிந்து இருபத்து மூன்றாம் நாள் அது. மாமியார் வெளியே கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மாட்டுக்குத் தீனி போடும் கவணையோரம் நின்றார். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை முதலில் கொடுத்திருக்க வேண்டும். பதற்றத்தில் கடிகாரத்தை நீட்டிவிட்டேன்.

"அத்தை, இது எனக்குக் கேக்குலீங்க. டாக்டர் பாத்துச் சொல்லிப்போட்டாரு. காதுதானுங்க கோளாறு. நீங்களே வெச்சுப் பாருங்க."

அவர் வாங்கிக் காதில் வைத்தார். மறு காதுக்கு மாற்றினார். உதறிப் பார்த்தார். "என்ன அம்மணி, ஓடாத கடியாரத்தக் கொண்டாந்து குடுக்கறே?"

வீட்டுக்காரர் வந்து வாங்கித் தன் காதில் வைத்தார். அவர் முகம் மாறியது. "ஓடுதுங்கம்மா. நல்லாக் கேக்குதே!"

சிநேகிதிக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. "இவளுக்கும் கேக்குல, உங்களுக்கும் கேக்குல. இவளப் போத்தனூருக்கு அனுப்புனீங்க. உங்கள எங்கீங்க அனுப்பறது?"

வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அன்னிக்குக் கோயில்ல எனக்கும் ஒண்ணும் கேக்குலீங்கம்மா. எல்லாரும் கன்னத்துல போட்டாங்க. நானும் போட்டுட்டேன்."

மாமியார் எழுந்து உள்ளே போனார். குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. குழந்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் தாவி அழுதது. எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. அந்த இருபத்து மூன்று நாளை எந்தக் கவுளி திருப்பித் தரும்?

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களிடம் மாமியார் சொன்னதையும் உதட்டில் பார்த்தேன். "நேத்து வலது பக்கம் சொல்லீருச்சு. அதுதான் வரச் சொல்லீட்டோம்."

அவர் அதன்பிறகு பதினைந்து வருஷம்போல இருந்தார். காது வரவர மந்தமானது. பேச்சு புரிய என் வாயையே பார்ப்பார். நானும் முகத்துக்கு நேரே நின்று பேசுவேன். அவரைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. வயதாகிவிட்டது என்றார்கள்.

மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப் போனவள் அந்தக் குழந்தைதான். கூட்டம் முடிந்து, "எப்படீம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதினேன்.

படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். டாக்டர் சொன்னதில் பாதியை உதட்டில் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன், காதையும் மூளையையும் பற்றி நான் எழுதியிருப்பது சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடிகாரச் சத்தமும் கவுளிச் சத்தமும் ஒரே மாதிரி மெலிசுதானா என்றும் பாருங்கள், இரண்டையும் நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. இருபத்து மூன்று நாள் என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அதை நான் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன்.