வாசகர்கள் தெரிவித்த இரங்கல்

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளுக்குப் பிளாக் எதற்கு என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்பதற்கு, நான் எழுதுவது முதலில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே. பல மாதங்கள் எழுதிக் குவித்த பிறகு, எத்தனை பேர் படித்தார்கள் என்று ஒருநாள் பார்த்தேன். வந்து போனவர்களில் பாதி நான்தான், எழுத்துப்பிழை திருத்த வந்தவள். மீதிப் பாதி என் மகள், வராவிட்டால் திட்டுவேன் என்று வந்தவள்.

திருச்சியில் கல்லூரியில் படிக்கும் அந்த மகள்தான் எனக்கு விளம்பர ஆலோசகர். "எழுதினா மட்டும் பத்தாதும்மா, புரமோட் பண்ணணும்" என்றாள். பண்ணினேன். ஃபேஸ்புக்கில் லிங்கைப் போட்டு நான் மூச்சு விடுவதற்குள் லைக்குகள் விழுந்தன. நீளமான கட்டுரையைக் கண் சிமிட்டும் நேரத்தில் படித்து முடிக்கும் மேதைகள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தனை பேர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. கடைக்கு வருகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. "ஒங்க பிளாக்கு பாத்தேன், சூப்பருங்க" என்பார்கள். எதைப் பற்றியது என்று நான் கேட்டுத் தொலைப்பேனோ என்ற பயத்தில், அதே வேகத்தில் காய்ச்சல் மாத்திரை கேட்பார்கள்.

வாட்ஸ்அப்பையும் விடவில்லை. தெருக் குழுவில் போட்டேன். எனக்குக் கீழே ஒருவர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுத, எல்லோரும் அவருக்குத்தான் பதில் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது, தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது. கூடப் படித்தவர்கள் குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் என் லிங்க் அமுங்கிச் செத்தது.

ஊரே படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு கட்டுரையை மட்டும் ஒரே ஒருவருக்காக எழுதினேன். அவர் என் சித்தப்பா.

அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியதற்கு என் கல்யாணத்தைவிட வயது அதிகம். வரப்புத் தகராறு என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கோயில் திருவிழாவில் யார் தலையில் முதலில் பரிவட்டம் கட்டுவது என்பதில் வந்த சண்டை. தலையைச் சுற்றும் ஒரு துண்டுத் துணி. அண்ணனுக்குக் கட்டினார்கள், தம்பி குடும்பத்தோடு கிளம்பி அன்னவாசல் பக்கம் மாமனார் ஊருக்குப் போய்விட்டார். என் கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா செத்தபோது வந்தார், ஆனால் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அப்பாவுக்கு நான் ஒரே பெண். என்னோடுதான் இருக்கிறார். ஆண் பிள்ளை இல்லாதவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியது எங்கள் பக்கம் கூடப்பிறந்தவர் வீட்டு ஆட்கள். அதனால் எங்கள் ஊர் கீரமங்கலத்தில் எந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்தாலும், அங்கே யார் கொள்ளி வைத்தது என்பதைத்தான் அப்பா முதலில் சொல்வார். அப்புறம் தயங்கி, "எனக்கு அவன் வருவானாத்தா?" என்பார். வருவார் என்று சொல்லவும் தைரியம் இல்லை, வரமாட்டார் என்று சொல்லவும் மனசு இல்லை.

அதனால் எழுதினேன். இளவட்ட வயதில் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பூ மூட்டையோடு சந்தைக்குப் போன கதை. அப்பா மிதிப்பாராம், சித்தப்பா பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொள்வாராம். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டுமே என்று தூங்குவதுபோல் நடிப்பாராம். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதினேன். எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா இருக்கிறார். ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் வருவதையெல்லாம் பார்ப்பார்.

"படம் இல்லாம போட்டா ஒருத்தரும் தொறக்க மாட்டாங்கம்மா. மொகம் இருக்கணும்" என்றாள் ஆலோசகர். என்னிடம் இருந்தது அப்பாவின் பாஸ்போர்ட் அளவுப் படம். நீலப் பின்னணி, வெள்ளைச் சட்டை, எதிரில் இருப்பவரை முறைக்கும் பார்வை. அதைப் பெரிதாக்கி, கீழே லிங்கை ஒட்டி, பங்காளிகள் குழுவில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

எங்கள் குழுவில் உயிரோடு இருக்கிறவர்கள் கூலிங்கிளாஸ் மாட்டி, பைக்கில் சாய்ந்துகொண்டுதான் வருவார்கள். பாஸ்போர்ட் படம் வந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் எழுத்தாளர் அம்மாவுக்குத் தோன்றவில்லை. முதல் ஆள் லிங்கைத் திறக்காமலே 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். பிறகு கைகூப்பும் பொம்மைகளும் கண்ணீர்ப் பொம்மைகளும் வரிசை கட்டின. 'எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?' என்று ஒருவர் விசாரித்திருந்தார். பழக்கதோஷத்தில் ஒருவர் 'சூப்பர்' போட்டிருந்தார். அன்றைக்கு என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அழுதுகொண்டிருப்பவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற பண்பாட்டில் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை.

மத்தியானம் அப்பாதான் தன் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டார். "ஏத்தா, தெருமொனையில வேன் வந்து நிக்கிது. பொம்பளைக அழுதுகிட்டு இங்கிட்டுத்தான் வாராக. யாரு வீட்டுலத்தா சாவு?"

செல்லை எடுத்துக் குழுவைப் பார்த்தேன். ஓடினேன். நான் போவதற்குள் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்பா சாப்பிட்ட கையோடு வெளியே வந்து, "வாங்க, வாங்க" என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். முனையிலேயே ஆரம்பித்துவிட்ட அழுகையைப் பாதியில் எப்படி நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஓர் அத்தை மட்டும் அப்பாவையே கட்டிக்கொண்டு அழுது முடித்தார். பங்காளி வீட்டுப் பையன்கள் அந்தப் படத்தோடு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிட்டார்களாம், அதை நிறுத்த ஒருவர் ஓடினார். என் பதிவு ஒன்று அச்சேறும் வாய்ப்பு அப்படிக் கைநழுவியது.

அப்போதுதான் அந்த வாடகைக் கார் வந்தது. சித்தப்பாவும் அவர் மகனும் இறங்கினார்கள். சித்தப்பா கையில் ரோஜா மாலை, கண்ணெல்லாம் சிவப்பு. எங்கேயும் நிற்காமல் நேராக வீட்டுக்குள் வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்ததும் அசையாமல் நின்றார்.

"என்னண்ணே... இருக்கியா?"

"இருக்கேன். ஒக்காரு."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, ஒனக்கு வெளையாட்டா இருக்கா? வழி நெடுக அழுதுகிட்டு வாரேன்!"

"நான் கட்டுரைதான் சித்தப்பா போட்டேன். கீழ லிங்கு இருந்துச்சே, தொறக்கலையா?"

"அண்ணன் மொகத்தப் பாத்ததுக்கப்பறம் லிங்கத் தொறக்கத் தோணுமாத்தா?"

பிளாக்கை வளர்ப்பது எப்படி என்று பாடம் நடத்துகிறவர்களிடம் இந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கிறதோ, என்னிடம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சாவுக்கென்று கிளம்பியவர் குளிக்காமல் வீடு திரும்பக் கூடாது. சாவே நடக்கவில்லையே என்று நான் சொன்னதற்கு, கிளம்பியது கிளம்பியதுதான் என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். அத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம். ஆகவே சித்தப்பா, யார் சாவுக்கு வந்தாரோ அவர் வீட்டு மோட்டார் தண்ணீரில் குளித்து, அவருடைய வேட்டியையே வாங்கிக் கட்டிக்கொண்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பரிவட்டம் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. ரசத்தில் உப்பு தூக்கல் என்பதை மட்டும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நான் குழுவில் போட்ட படத்தை அழித்துவிட்டு பிளாக்கைப் பார்த்தேன். அன்றைக்குப் புதிதாக ஒருவரும் படித்திருக்கவில்லை.

சாயங்காலம் சித்தப்பா கிளம்பினார். கார்க் கதவைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நெசமா ஒண்ணுன்னா எனக்கு நேராப் போன் பண்ணிருத்தா. நானும் ஒந் தம்பியும் வந்துருவோம். அந்தக் குரூப்ப இனிமே நம்ப மாட்டேன்."

வாசலில் நின்ற அப்பா, "அதுக்கு நா சாகணுமாடா?" என்றார்.

சித்தப்பா கார்க் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து, உள்ளே இருந்த மகனிடம், "நீ போடா. நா நாளைக்குப் பஸ்ஸுல வாரேன்" என்றார்.