வெயில் வரும் வீடு

வேலம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்தது 1982 அக்டோபரில். பிறந்த தேதி அவளுக்குத் தெரியாது; ஆபீஸ் பெயர்ப் புத்தகத்துக்குத் தெரிந்திருந்தது. தேயிலைத் தோட்டத்துச் சட்டம் சின்னதுதான். ஐம்பத்தைந்து ஆனவர் கொழுந்துக் கூடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூடையைக் கொடுத்தவர் வீட்டையும் கொடுக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயம் வேலை செய்கிறவருக்கு. வேலை செய்து ஓய்ந்தவருக்கு இல்லை. வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை நடத்திய காலத்திலும் அப்படித்தான், நம் ஊர்க்காரர் துரையாக வந்த பிறகும் அப்படித்தான்.

ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அர்ஜுனன் நல்ல மனிதர். கணக்கை முடிக்க அவளைக் கூப்பிட்டபோது நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"வேலம்மாக்கா, நீங்க எங்கயும் போக வேணாம். ஒங்க வீட்டுல யாராச்சும் ஒராளு வேலைக்குப் பேரு குடுத்தாப் போதும், வீடு ஒங்களுக்குத்தான். திலகத்துக்குப் பதினஞ்சு ஆயிடுச்சில்ல? நான் தொரைகிட்டச் சொல்றேன்லா."

திலகம் வேலம்மாவின் கடைசி மகள். மலை மேலிருந்த தானா ராத்தா டவுனில் மூன்றாம் பாரம் படித்துப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆள் இல்லை என்று வாத்தியாரே லயத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வேலம்மா கணக்கில் ரேகை வைத்தாள். அவள் பெயரும் இதே மாதிரிதான் அந்தப் புத்தகத்தில் ஏறியது. அப்பன் செத்த மறுமாதம், பதின்மூன்று வயதில், வீடு கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்று. நாற்பத்திரண்டு வருஷம் அந்த வீட்டுக்காகக் கொழுந்து கிள்ளினாள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மூத்தவன் கந்தசாமி ஜொகூருக்குப் போய், ஒற்றை அறையில் மூன்று பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறான். வீடு மட்டும் அசையாமல் இருந்தது. இனி அதற்குத் திலகத்தையும் கொடுப்பதா என்று நினைத்தபோது வேலம்மாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எனக்கு எத்தன நாளு டைம் இருக்கு?" என்று கேட்டாள்.

"ஜனவரி கடைசி. அதுக்கு மேல என்னால புடிச்சு வைக்க முடியாதுக்கா."

அன்றிலிருந்து வேலம்மா ஊர் தேடக் கிளம்பினாள். லயத்தில் சிரித்தார்கள். கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்குகிற மாதிரி ஊரை யாராவது பார்த்து வாங்குவார்களா? வேலம்மா அப்படித்தான் பார்த்தாள். பெண் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் வேண்டும். வாடகை கையைக் கடிக்கக் கூடாது. ஐம்பத்தைந்து வயதுக்காரியை நம்பி எவனாவது வேலை கொடுக்க வேண்டும்.

தானா ராத்தாவில் பள்ளிக்கூடம் வாசலிலேயே இருந்தது. ஆனால் சர்க்கார் ஆட்களும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் சேர்ந்து வாடகையை ஏற்றி வைத்திருந்தார்கள். கடைக்குப் பின்னால் ஒரு அறைக்கு நூற்றிருபது வெள்ளி கேட்டான் ஒருவன். அதில் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை. பிரிஞ்சாங்கில் ஓட்டல் போர்வை துவைக்கிற வேலை இருந்தது, வாடகையும் அதே வாடகையாக இருந்தது, சத்தம் மட்டும் அதிகம். திரிங்காப்பில் பூத்தோட்டக்காரர் ஒருவர் பலகை வீட்டைச் சும்மாவே தருவதாகச் சொன்னார்.

"நீயும் ஒம் மகளும் பூ வெட்டிக் கட்டணும், அவ்வளவுதான்," என்றார்.

"அதத்தான் எங்க தோட்டத்துலயும் சொல்றாங்க," என்று சொல்லிவிட்டு வேலம்மா நடையைக் கட்டினாள்.

மலையில் வழி அடைந்து போயிற்று. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு ஏற்றும் லோரிக்காரன் வீரப்பன்தான், "அக்கா, கீழ தாப்பாவப் பாருங்க. சின்ன டவுன்தான், ஆனா எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கு. வாடகையும் மலிவு," என்றான். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் லோரியிலேயே முன்சீட்டில் உட்கார்ந்து இறங்கினாள். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டியது. பாதி மலையில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

தாப்பாவில் இரண்டு வீடு பார்த்தாள். அறுபது வெள்ளி, ஐம்பத்தைந்து வெள்ளி. மூன்றாவது மார்க்கெட்டுக்குப் பின் தெருவில், வரிசையின் கடைசி வீடு. வாடகை முப்பது. மதியம் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. நாலு மணி வெயில் வாசல் வழியாக நுழைந்து, கூடத்தைத் தாண்டி அடுப்படிச் சுவர் வரைக்கும் போயிருந்தது. வேலம்மா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

மலையில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். அவள் லயம் இருந்தது சரிவின் நிழல் பக்கம். பத்து மணிக்கு எட்டிப் பார்க்கும் வெயில் இரண்டு மணிக்குப் போய்விடும். துவைத்த பாவாடை காய மூன்று நாள் ஆகும், சுவர் எப்போதும் பச்சைப் பூசணம் பிடித்துக் கிடக்கும். வெயில் படும் மேட்டு லயத்துக்கு மாற்றிவிடச் சொல்லி அவள் கங்காணி காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறாள். முப்பது வருஷத்தில் கிடைக்கவில்லை. இங்கே ஒரு வீடு, முப்பது வெள்ளிக்கு, வெயிலோடு!

வீட்டுக்காரச் சீன அம்மாள் பொய் சொல்லாதவள். மேற்கே கையைக் காட்டி, பிறகு தகரக் கூரையைக் காட்டி, "பெத்தாங் பானாஸ்லா. பானாஸ் செக்காலி," என்றாள். சாயங்காலம் சூடு, ரொம்பச் சூடு என்று.

"பானாஸ் பாகுஸ்!" என்றாள் வேலம்மா. சூடுதானே நல்லது!

அந்த அம்மாள் மனசு மாறிவிடப் போகிறாளே என்று பயந்து, சேமநிதிப் பணத்திலிருந்து ஆறு மாத வாடகையை அங்கேயே முன்பணமாகக் கொடுத்தாள். வீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பணத்தை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வேலம்மா பஸ் ஏறி வீடு வந்ததும் மகளிடம் முதலில் சொன்னது, "துணி ஒரே நாள்ல காஞ்சிரும்டி," என்பதுதான்.

டிசம்பர் கடைசியில் குடிபோனார்கள். திலகம் பாஸாகி, அங்கே நாலாம் பாரத்தில் சேர்ந்தாள். முதல் வாரம் மழை பெய்துகொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் மழை நின்றது. அன்று மத்தியானம் திலகம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தபோது உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. தகரம் படபடவென்று வெடித்தது. தண்ணீர்ப் பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்காததுதான் குறை. இருட்டி வெகு நேரம் ஆகியும் சுவரில் கை வைக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அம்சவல்லி, தாப்பாவிலேயே பிறந்து வளர்ந்தவள், வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"மேக்காலப் பாத்த தகர வீடு! நாலு வருஷமாப் பூட்டிக் கெடந்துச்சுக்கா. கோழிகூட உள்ள போவாது. பாத்துப் பாத்து இதயா எடுத்தீங்க?"

வேலம்மாவுக்கு மானம் போயிற்று. ஊர் ஊராக அலைந்து, எல்லாரையும் விடத் தனக்குத்தான் தெரியும் என்று எடுத்த வீடு. கொடுத்த முன்பணத்தை எந்த வீட்டுக்காரியும் திருப்பித் தரமாட்டாள். இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கையில் பணமும் இல்லை, வேலையும் இன்னும் கிடைக்கவில்லை.

திலகத்துக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஒருநாள் மூக்கிலிருந்து ரத்தம் கணக்கு நோட்டில் சொட்டியது. புத்தகத்தை விரித்தால் கண் செருகியது. மாதப் பரீட்சையில், அதுவும் கணக்கில், முதல் தடவையாகப் பெயில் மார்க் வாங்கி வந்தாள். அதைக் காட்டிவிட்டு அம்மாவுக்கு அட்டையால் விசிறிக்கொண்டே சொன்னாள்.

"மேல போயிடலாம்மா. நான் பேரு குடுத்துர்றேன். ஒனக்கும் ஒடம்பு தாங்கல. கொழுந்து எடுக்கறது என்னா பெரிய விஷயம், எல்லாரும் எடுக்கறாங்கதானே?"

பெண் அழுதுகொண்டு சொல்லியிருந்தால் வேலம்மா திட்டித் தீர்த்திருப்பாள். அவள் சிரித்த முகமாகச் சொன்னாள். இன்னும் ஒரு வாரம் விட்டால் தானே சரி என்று சொல்லிவிடுவோம் என்று வேலம்மாவுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

மறுநாள் திலகம் பள்ளிக்கூடம் போனதும் தெருவில் இறங்கினாள். வீடு மாற்ற முடியாது. பகலில் உட்காரக் குளிர்ச்சியான ஓர் இடமாவது வேண்டும். கோயில் மண்டபத்தைப் பார்த்தாள், அதுவும் தகரம்தான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பெண்பிள்ளையை உட்கார வைக்க முடியாது. மார்க்கெட் ஓரமாக வரும்போது வீரப்பன் லோரி நின்றிருந்தது. மொத்தக் காய்கறிக் கடையில் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். தடித்த பழைய செங்கல் சுவர், நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிய சிமெண்டுத் தரை. உள்ளே போய் ஒரு முட்டைக்கோசின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. மலைக் குளிரு கூடையோடு எறங்கி வந்திருக்கே என்று சிரிப்பு வந்தது.

யாரையும் கேட்காமல் குந்தி உட்கார்ந்து, வாடிய மேல் இலைகளைக் கிள்ளி எடுத்துக் கோசைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டு வருஷம் கிள்ளிய விரல்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. தவுக்கே, கடை முதலாளி, பத்து நிமிஷம் பார்த்தார். பதினைந்தாவது கூடை முடிந்தபோது சம்பளம் பேசினார்.

"சரி," என்றாள் வேலம்மா. "ஆனா எம் மகளுக்கு ஒரு மூல வேணும். ரெண்டு மணியிலேந்து ஆறு மணி வரைக்கும்."

"அவளும் கோசு உரிப்பாளா?" என்று வீரப்பனை இடையில் வைத்துக் கேட்டார் தவுக்கே.

"ஒரிக்க மாட்டா. படிப்பா."

தவுக்கே முடியாது என்றார். கடை கடைதான், பள்ளிக்கூடம் இல்லை என்றார். அதற்கு வேண்டுமானால் என் சம்பளத்தில் குறைத்துக்கொள் என்றாள் வேலம்மா. அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஆரஞ்சுப் பெட்டி ஒன்றைக் காலால் மூலைக்குத் தள்ளினார், ஒரு முக்காலியும் கொடுத்தார். சொன்னபடியே சம்பளத்தில் குறைத்தும்கொண்டார்.

திலகம் கோசுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாள். வீட்டு அனல் குறையவில்லை. அம்சவல்லி சொல்லிக் கொடுத்தபடி சாக்கை நனைத்து வாசலில் தொங்கவிட்டார்கள். அப்படியும் வேலம்மா பல இரவு தூங்கவில்லை. இது எத்தனை நாளைக்கு ஓடும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜனவரி முப்பதாம் தேதி கிராணி, வீரப்பனிடம் சொல்லியனுப்பினார். நாளையோடு கெடு முடிகிறது, உடனே வந்து பேரைக் கொடுக்கவும் என்று. வேலம்மா மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

மலைப் பாதையில் ரிங்லெட் தாண்டியதும் குளிர்காற்று உள்ளே வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு உடம்பு உடம்பாக இருந்தது. அவளுக்கு அப்படியே தங்கிவிடலாம் போலிருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. பூசணம் பிடித்த அந்தச் சுவர்மேலேயே சாய்ந்து ஒரு நாள் முழுக்கத் தூங்க ஆசைப்பட்டாள்.

அர்ஜுனன் பெயர்ப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார். முகத்தில் நல்ல காரியம் செய்த சந்தோஷம்.

"தொர கையெழுத்தே வாங்கிட்டேன்க்கா. திலகம் பேர எழுதியாச்சு. நீங்க ரேக வச்சாப் போதும். நாளைக்கே வந்து பூந்துக்கலாம்."

மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். வேலம்மா புத்தகத்தின் மேல் குனிந்தாள். எல்லாம் கறுப்பாகச் சின்னச் சின்னதாக இருந்தது.

"இதுல எதுய்யா எம் மக பேரு?"

அவர் காட்டினார். அவள் மை தொடாத விரலை அந்த இடத்தில் வைத்தாள்.

"இத அடிச்சிருங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா. இன்னிக்கி விட்டா வீடு வேற ஆளுக்குப் போயிரும். வீரப்பன் எல்லாம் சொன்னான். அந்த வெயில்ல எத்தன நாளு தாங்குவீங்க?"

"தாங்கலன்னா வேற ஊரு பாப்பேன். அடிங்கய்யா."

அர்ஜுனன் பெருமூச்சு விட்டு, அடிமட்டத்தை வைத்துப் பெயரின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார். வேலம்மா உற்றுப் பார்த்தாள்.

"இப்ப அந்தப் பேரப் படிச்சாத் தெரியுமா?"

"தெரியும். அடிச்சிருக்குன்னும் தெரியும்."

"அப்பப் பத்தாது. எனக்குத்தான் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவனும் படிக்க முடியாத மாதிரி அடிங்க."

அர்ஜுனன் அடிமட்டத்தை ஒதுக்கி வைத்தார். பேனாவை அழுத்தி, மேலும் கீழுமாக அடித்துக்கொண்டே இருந்தார். தாள் கிழிகிற வரைக்கும் வேலம்மா அங்கேயே நின்றாள்.