அக்காவின் பதாகையும் என் பெயரும்

ஆம்பூரில் எங்கள் ஷூ தொழிலாளர் மன்றத்தின் சுவரில் ஒரு துணிப் பதாகை தொங்குகிறது. ஷூவுக்குள் வைக்கும் லைனிங் துணியின் மிச்சங்களை ஒட்டுப்போட்டுத் தைத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். டாக்டர் அல்சர் என்கிறார். எனக்குத் தெரியும், அது அக்கா.

அக்கா எங்கள் தையல் பிரிவில் இருந்தவர். இலங்கையிலிருந்து படகில் வந்து அகதி முகாமில் குடியிருந்தவர். இந்த நாட்டின் எந்தத் தேர்தலிலும் அவருக்கு ஓட்டு கிடையாது. எங்கள் மன்றத்திலோ பெண்கள் சந்தா கட்டலாம். தலைவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஆண்கள்தான் கை தூக்க வேண்டும். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கியவன் நான். என் பேச்சின் வேகத்தில் முன்வரிசையே தூங்கிவிடும். தலைவர் மட்டும் விழித்திருந்து, "பொம்பளைங்க யார்னா கேட்டாங்களா? நீதாம்பா கேக்கற. உனக்கு இன்னா பேஜாரு?" என்பார்.

இது அக்கா காதில் விழுந்தது. பெண்களிடம் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, அவரவர் பெயரை அவரவரே தைத்துத் தரச் சொன்னார். எல்லாவற்றையும் தானே இணைத்தார். "பேசினது நான், என் பேரும் வரணும்க்கா" என்று நச்சரித்தேன். "உங்கட பேர் இல்லாமலா தம்பி, போடுறன்" என்றார்.

பொதுக்குழுவில் பதாகையை விரித்தார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்த தலைவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அது அவர் மனைவியின் பெயர். அந்த அம்மாவும் தையல் பிரிவுதான்.

"நீயுமா?"

"சந்தா நானும்தான கட்றேன்."

அன்றே ஓட்டு கிடைத்தது. பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். நானோ பதாகையில் மேலும் கீழுமாக என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். இல்லை. கேட்க ரோஷம் விடவில்லை. அதன்பின் பல வருடம் அவரிடம் பாதிப் பேச்சுதான்.

சென்ற மாதம் அக்கா அந்த முகாமிலேயே இறந்துபோனார். நினைவுக் கூட்டத்துக்காகப் பதாகையைத் துவைக்கக் கழற்றினேன். பின்பக்கம், கம்பி நுழைக்கும் பட்டையில், மொத்தப் பாரமும் தொங்கும் இடத்தில் என் பெயர். முன்னும் பின்னும் புரட்டினேன். அக்காவின் பெயர் எங்கும் இல்லை. தன் பெயரையே போடாமல் ஊர் முழுக்கப் பேர் வாங்கிய மனுஷி மீது பொறாமை இன்னும் ஜாஸ்தியானது.

ஆசை யாரை விட்டது? துணி காய்ந்ததும் என் பெயர் வெளியே தெரியும்படி பதாகையை முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன். புதிதாகச் சேர்ந்த தையல் பிரிவுப் பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா சார் இது, கம்பெனி லேபிளா?"

ஏணியை மறுபடி எடுத்துவந்தேன்.