அல்சீட் விட்ட மீன்கள்

பாயிண்ட் ஒரேல் துறையில் யாரிடமாவது அல்சீட் வெர்ரே எப்படிப்பட்டவன் என்று கேட்டால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அவன் படகைப் பின்தொடர்ந்தே மீன் இருக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டவர்கள்.

நான் தூண்டில் இரை விற்பவன். உயிர் இறால், குரோக்கர் மீன் குஞ்சு, ஐஸ். என் கொட்டகைக்கும் அவன் படகு கட்டும் கம்பத்துக்கும் நடுவே எட்டடி இருந்தால் அதிகம். முப்பது வருஷமாக அன்றைய முதல் காப்பியை அவனோடுதான் குடிக்கிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றி, உப்பங்கழிகளுக்குள் கொண்டுபோய், புள்ளி டிரவுட் என்ற மீனைப் பிடிக்க வைப்பது அவன் தொழில். அவன் சாது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கழியில் அவனளவுக்கு மீனைக் கொன்றவன் கிடையாது. அப்போது லூசியானாவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து வரை பிடிக்கலாம். வாடிக்கைக்காரர் நாலு பேர் என்றால் நூறு. அதற்கு மேல் 'கேப்டன் பங்கு' என்று தன் பெயரில் இன்னும் இருபத்தைந்தைப் பிடித்து அவர்கள் பெட்டியிலேயே போடுவது இங்கே வழக்கம். போடாதவனைக் கஞ்சன் என்பார்கள். அல்சீட்டை யாரும் ஒரு நாளும் கஞ்சன் என்று சொன்னதில்லை.

ஒரு மே மாதம் கழிக்கு வெளியே கடலோரம் இருக்கும் வெளித்தீவின் தென்கரையில் பெரிய டிரவுட்டுகள் வந்து கூடின. கண்டுபிடித்தவன் அல்சீட். அன்று மாலை அவன் மனைவி ஓடில் அறுப்பு மேஜையில் நின்று மீன்களைக் கிழித்துக்கொண்டே வந்தவள், பாதியில் கத்தியை நிறுத்தினாள்.

"இதுல ஒண்ணுகூட ஆண் மீன் இல்ல அல்சீட். அத்தனையும் சினை."

"அப்ப சினையை வறுத்துப் போடு. நாளைக்கும் அங்கதான் போறேன்."

மறுநாளும் போனான், மாதம் முழுக்கப் போனான். ஆனால் இந்தக் காலத்தில் நல்ல இடம் ஒருவன் கையில் எத்தனை நாள் தங்கும்? ஒருவன் தூண்டில் வளைந்தால் கால் மணி நேரத்தில் எல்லார் செல்போனிலும் செய்தி. அந்த மாதக் கடைசியில் தீவின் தென்கரையில் முப்பத்தெட்டுப் படகுகளை நானே எண்ணினேன். எல்லாருக்கும் இரை விற்றவன் நான், ஆகவே என் கையும் சுத்தமில்லை.

அடுத்த மே மாதம் தென்கரையில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் அதிகமாகிவிட்டது, உப்பு குறைந்துவிட்டது, டால்பின் தின்றுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அல்சீட்டும் ஒரு வருஷம் உப்பைத்தான் குறை சொன்னான். ஒரு நாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான்.

"தியோ, அது எங்கயும் போகலடா. நாமதான் தின்னு தீர்த்துட்டோம்."

அன்றிலிருந்து அவன் படகில் புதுச் சட்டம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, ஒரு முழத்துக்கு மேல் நீளமான டிரவுட் அநேகமாகப் பெண்தான். அது படகுக்குள் சாகக் கூடாது. தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கேப்டன் பங்கும் கிடையாது.

வாடிக்கைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாழ்நாளில் ஒரு தரம் மாட்டிய பெரிய மீனைக் கையிலிருந்து பிடுங்கித் தண்ணீரில் போட்டால் எவனுக்குத்தான் வயிறு எரியாது? டல்லஸிலிருந்து பதினைந்து வருஷமாக வந்த பல் மருத்துவர் ஒருவர் மறு வாரமே நோரிஸின் படகுக்கு மாறிவிட்டார். நோரிஸ், ஓடிலின் தம்பி. மூன்று எஞ்சின் வைத்த படகும் அதற்கேற்ற வாயும் உள்ளவன்.

"மச்சான், உங்க படகுல இன்னைக்கு எத்தனை மீனுக்கு ஞானஸ்நானம் ஆச்சு?" என்று துறை முழுக்கக் கேட்கும்படி கத்துவான். "பேரு வச்சு விட்டீங்களா, இல்ல வெறும் தண்ணி மட்டும்தானா?"

"உம் பேரைத்தான்டா வச்சேன். எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டே போச்சு" என்பான் அல்சீட்.

வாயால் சமாளித்தான், வருமானத்தால் முடியவில்லை. வாரத்தில் ஆறு நாள் போன படகு இரண்டு நாள் போயிற்று. ஓடில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு வருஷம் இப்படி. ஒரு நாள்கூட அவன் வாயிலிருந்து 'போதும்' என்று வரவில்லை. எனக்குத்தான் அவன் மேல் கோபம் கோபமாக வரும். ஊரெல்லாம் அள்ளும்போது நீ ஒருத்தன் விட்டு என்ன ஆகப்போகிறது என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன்.

"நான் விட்டது ஒவ்வொண்ணும் அங்க இருக்குடா. வருஷா வருஷம் முட்டை போடுது. அது போதும்" என்றான்.

ஐந்தாவது வருஷம் ஜூன் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து கமீல் என்ற பெண் வந்தாள். மீன் ஆராய்ச்சி செய்கிறவள். விட்ட மீன் உண்மையில் பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிடித்த மீனை வலைக்கூண்டில் மூன்று நாள் வைத்திருக்க ஒரு கேப்டன் வேண்டும் என்றாள். மற்றவர்கள் ஐஸ் வாங்குவது போல் நழுவினார்கள். அல்சீட் முன்னால் போய் நின்றான்.

"என் மீனை வைம்மா. இவனுங்க எல்லாரும் மூணாம் நாள் காலையில வந்து பாக்கட்டும்" என்று நோரிஸைப் பார்த்தே சொன்னான். "ஒண்ணு செத்திருந்தாலும் என் தொப்பியைத் தின்னுடறேன்."

"உப்பு வேணும்னா எங்கிட்ட இருக்கு மச்சான்" என்றான் நோரிஸ்.

கூண்டை என் துறைக்கு அடியில்தான் இறக்கினோம். ஒரு அறை அகலம், நல்ல ஆழம், ஓதத் தண்ணீர் தாராளமாக ஓடும் இடம். அன்று அல்சீட்டும் கமீலும் போய்ப் பன்னிரண்டு பெரிய மீன்களோடு வந்தார்கள். எல்லாம் உதட்டில் முள் மாட்டியவை, முள்ளை விழுங்கியது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் முதுகில் எண் போட்ட சின்னப் பட்டை. எந்த மீனை எப்படிப் பிடித்து முள்ளைக் கழற்றினான் என்பதையும் அவள் எண்ணோடு எழுதி வைத்திருந்தாள்.

இங்கே எல்லாக் கேப்டனும் ஒரே மாதிரிதான் பிடிப்பான். இடுப்பில் ஒரு துண்டுத் துணி தொங்கும். டிரவுட்டின் உடம்பு கொழகொழவென்று வழுக்கும். துணியால் சுற்றி இறுக்கினால் ஆடாமல் நிற்கும். பழைய குளியல் துண்டுகளை வெட்டி அல்சீட்டுக்குக் கொடுப்பவள் ஓடில். அன்று ஒன்பதாவது மீனுக்குப் பிறகு அந்தத் துணி காற்றில் பறந்து தண்ணீரில் போய்விட்டது. கடைசி மூன்றை வெறுங்கையால் பிடித்திருக்கிறான். வழுக்கி வழுக்கிப் போனது என்று என்னிடம் அலுத்துக்கொண்டான்.

முதல் நாள் பன்னிரண்டும் நீந்தின. இரண்டாம் நாள் இரண்டு மீன் மேலாக ஒதுங்கி நின்றன. வெயில் அதிகம் என்றான். மூன்றாம் நாள் விடிந்து நான் போனபோது அவன் ஏற்கெனவே துறையில் மண்டியிட்டிருந்தான். கூண்டின் மேலே வெள்ளை வயிறுகள். நான் எண்ணினேன், ஒன்பது.

மீன்களின் இரண்டு பக்கமும் சிவந்து புண்ணாகியிருந்தது. என் பின்னாலேயே வந்த கமீல் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். துணி அழுத்திய இடம் அப்படியே தெரிந்தது, நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறு பக்கம்.

"அந்தக் கொழகொழப்புதான் கேப்டன் அதுக்குத் தோல் மாதிரி" என்றாள் மெதுவாக. "துணி அதைத் துடைச்சு எடுத்துடுது. அப்புறம் நோய் பிடிச்சுக்கும். விடும்போது நல்லாத்தான் நீந்திப் போகும். சாகறதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும்." நோட்டைப் பார்த்தாள். "உயிரோட இருக்கற மூணும் நீங்க கையால பிடிச்சது. மூணை வச்சு முடிவா சொல்ல முடியாது. இன்னும் நிறையப் பாக்கணும். ஆனா..."

"நாலு வருஷம்" என்றான் அல்சீட். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வாடிக்கையை விட்டான், பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பினான், ஊர் சிரிப்பைத் தாங்கினான். எல்லாம் எதற்காகச் செய்தானோ, அது முழுக்கத் தண்ணீருக்கடியில் செத்துக் கிடந்திருக்கிறது.

நோரிஸும் மற்றவர்களும் வர இன்னும் அரை மணி இருந்தது. அவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். விட்டாலும் சாகத்தான் போகிறது, பெட்டியில் போடு என்பார்கள். அப்புறம் இந்தக் கழியில் ஒருவனும் ஒரு பெரிய மீனையும் விட மாட்டான்.

"அல்சீட், அஞ்சு நிமிஷம் போதும்டா. செத்ததை அள்ளிப் பெலிக்கன் பறவைங்களுக்குப் போட்டுடறேன். மூணு உயிரோட இருக்குல்ல, அதைக் காட்டு. கூண்டு கிழிஞ்சு மத்தது போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்." கமீல் பார்க்காதவள் போல் தலையைத் திருப்பிக்கொண்டாள். பாவம், அவளுக்கும் மனசு கேட்கவில்லை.

அவன் என் கையிலிருந்த வலைக்கரண்டியை வாங்கினான். அள்ளத்தான் போகிறான் என்று நினைத்தேன். ஒன்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துறைப் பலகைமேல் வரிசையாக அடுக்கினான். புண்ணிருக்கும் பக்கம் மேலே தெரியும்படி.

ஆட்கள் வந்தார்கள், ஏழெட்டுப் பேர். நோரிஸ் வரிசையைப் பார்த்ததும் விசிலடித்தான்.

"தொப்பிக்கு உப்பு கொண்டு வரட்டா மச்சான்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அல்சீட் முதல் மீனின் வயிற்றைக் கீறினான். இரண்டு மஞ்சள் சினைப் பைகள் பலகையில் சரிந்தன. அடுத்ததைக் கீறினான். அதற்கடுத்ததை.

"இதெல்லாம் தானா சாகல. நான் கொன்னேன். நாலு வருஷமா இப்படித்தான் கொன்னிருக்கேன், உங்ககிட்ட பெருமை பேசிக்கிட்டே" என்றான். செத்த மீனின் விலாவில் தன் விரல்களை வைத்துக் காட்டினான். புண்ணும் விரலும் பொருந்தின. "துணியால பிடிச்சேன், செத்துச்சு. கையால பிடிச்ச மூணும் அதோ ஓடுது. சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரிங்க. விடறதைப் பாத்துச் சிரிக்காதீங்க."

ஒருவன், "எனக்கு நேரமாச்சு" என்று படகுக்குப் போய்விட்டான், அவன் இன்றைக்கும் முழம் தாண்டிய மீனைப் பெட்டியில்தான் போடுகிறான். இன்னும் இரண்டு பேர் அவன் பின்னாலேயே போனார்கள். கமீல் கூண்டின் வாயைத் திறந்தாள். மூன்று மீனும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பிறகு கம்பங்களுக்கு நடுவே மறைந்தன. அல்சீட் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். அழுதான் என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, நானும்தான் அழுதேன்.

நோரிஸ் மட்டும் அந்தச் சினைப் பைகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பேசியபோது குரல் மிகவும் தணிந்திருந்தது.

"அது சரி மச்சான். துணி இல்லாம எப்படிப் பிடிக்கறது? வழுக்கிடாதா?"

அல்சீட் கத்தியைப் பலகைமேல் வைத்தான்.

"வழுக்கும்டா" என்றான். "வழுக்கட்டுமே. தண்ணியிலதானே விழும்."